தவசிக்கீரை: சமைத்து உண்போம், சாறாக அருந்த வேண்டாம்

சென்ற ஐப்பசியில், விடாது மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், அன்னூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் தம் கணவரை அழைத்துக்கொண்டு எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வந்திருந்தார். கணவருக்குப் பல ஆண்டுகளாக ஆஸ்துமா உண்டு. உறிஞ்சும் மருந்தை ஒழுங்காக எடுத்து வந்ததால் நல்ல நிலையில் இருந்தவர். அன்று அவருக்கு இரைப்பு சற்றுக் கூடியிருந்தது.

நாங்கள் காரணம் கேட்பதற்கு முன்னரே அம்மையார் துணிப்பையிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிய நான்கைந்து குச்சிகளை எடுத்து மேசைமீது வைத்தார். "டாக்டருங்களுக்குன்னு கொண்டாந்தேனுங்க. நட்டு வெச்சீங்கன்னா தளதளன்னு வருமுங்க. இரைப்புக்கு இதுதானுங்க மருந்துன்னு சொன்னாங்க. ஒம்பது நாளா இவரு வெறும் வயித்துல இதோட சாறுதானுங்க குடிக்கிறாரு. உறிஞ்சற மருந்தைக்கூட நிறுத்திப்போட்டாருங்க" என்றார்.

என்ன செடி என்று கேட்டோம். "தவசி முருங்கைங்க" என்றார். குச்சியின் நுனியில் ஒட்டியிருந்த இலைகளைப் பார்த்தோம். அது தவசி முருங்கை அன்று, தவசிக்கீரை. பெயரில் உள்ள ஒற்றுமையைத் தவிர இவ்விரு செடிகளுக்கும் உறவில்லை. அவர் அருந்தியது ஒன்பது நாளே என்பதும், சரியான வேளையில் வந்தார் என்பதும் நல்வாய்ப்பு. மூச்சுத்திறன் சோதனை செய்து பழைய அறிக்கையோடு ஒப்பிட்டோம். மருந்தை நிறுத்தியதால் வந்த இறுக்கம் மட்டுமே இருந்தது. மருந்தை மீண்டும் தொடங்கியதும் அது தளர்ந்தது. ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் சோதித்ததில் புதிய குறை ஏதும் இல்லை.

அவர்கள் விடைபெறும்போது அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப அந்தச் செடியைப் புடுங்கிப் போட்டர்லாமுங்களா?" வேண்டாம் அம்மா, சாற்றை நிறுத்துங்கள், செடி இருக்கட்டும், சமைத்து உண்ணுங்கள் என்றோம். அந்த ஒரு வரி விடைக்கான விளக்கமே இக்கட்டுரை. இந்தக் கீரையை வீட்டில் வளர்ப்பது நல்லது. அளவோடு சமைத்து உண்பது நல்லது. பச்சைச் சாறாக அருந்துவது தீங்கு. இம்மூன்றையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

செடியை அறிவோம்

தவசிக்கீரைக்குத் தாவரவியலார் இட்ட பெயர் சாரோபஸ் ஆண்ட்ரோஜைனஸ். நெல்லியும் கீழாநெல்லியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. கீழாநெல்லியைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இதன் தோற்றம் எளிதில் பிடிபடும். மெல்லிய கிளையின் இருபுறமும் முட்டை வடிவ இலைகள் மாறிமாறி அடுக்கியிருக்கும். இலையின் மேற்பரப்பில் பலவேளைகளில் வெளிறிய திட்டுகள் காணப்படும். இலைகளுக்கு அடியில் சிறு தட்டுப் போன்ற செந்நிறப் பூக்களும், பின்னர் வெண்மையான உருண்டைக் காய்களும் தொங்கும்.

மலேசியாவில் செக்கூர் மானிஸ் என்றும், இந்தோனேசியாவில் காத்துக் என்றும் இதனை அழைக்கின்றனர். மலேசியப் பெயரே கேரளத்தில் செக்குர்மானிஸ் ஆயிற்று. வேலியோரம் நடப்படுவதால் வேலிச்சீர என்றும் அங்கே சொல்வதுண்டு. நம் பகுதியின் நாற்றுப் பண்ணைகளில் 'மல்டிவைட்டமின் கீரை' என்ற பெயரில் விற்கப்படுவதும் இதுவே.

தவசி முருங்கையோ வேறு. அது ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்த, சிறிய, தடித்த இலைகள் கொண்ட குறுஞ்செடி. சித்த மருத்துவ மரபில் சளி, இருமலுக்குச் சொல்லப்படுவது அச்செடியே. ஒன்றுக்குச் சொன்ன மருத்துவக் குணத்தை மற்றொன்றின்மேல் ஏற்றியதுதான் அந்தக் குடும்பத்தில் நேர்ந்த பிழை. கைப்பேசியில் வரும் செய்திகள் பெயரைச் சொல்கின்றன, செடியைக் காட்டுவதில்லை. காட்டினாலும் சரியான செடியைக் காட்டுகின்றனவா என்று சொல்வதற்கில்லை.

மல்டிவைட்டமின் என்ற பட்டத்தில் உண்மை இல்லாமல் இல்லை. முருங்கைக்கீரைக்கு இணையாகச் சொல்லத்தக்க அளவு புரதமும், பார்வைக்கு வேண்டிய கரோட்டினும், வைட்டமின் சி, இரும்பு, சுண்ணாம்புச் சத்துகளும் இதில் உள்ளன. ஆயின் பட்டப்பெயர் ஒரு தவறான எண்ணத்தையும் கூடவே விதைக்கிறது. மாத்திரையைப் போல் நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய ஒன்று என்று மக்கள் கருதத் தொடங்கிவிடுகின்றனர். கீரை உணவு, மாத்திரை அன்று.

வளர்க்கும் முறை

இச்செடியை வளர்ப்பதற்குப் பெரிய பயிற்சி வேண்டியதில்லை. பென்சில் பருமனுள்ள, அரைமுற்றலான தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு கணுக்கள் இருத்தல் நலம். கீழ்ப்பகுதி இலைகளை நீக்கிவிட்டு இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் புதையுமாறு நட வேண்டும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்த பையில் நட்டு நிழலில் வைத்தால், மூன்று நான்கு வாரங்களில் வேர்பிடித்துத் துளிர்க்கும்.

கோவைப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைக் காலமே நடுவதற்கு ஏற்றது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று இளஞ்செடியை உலர்த்திவிடும். அக்காலத்தில் மேற்குப் புறம் ஒரு மறைப்பு இருக்க வேண்டும். முழு வெயிலைவிட முருங்கை, வாழை போன்றவற்றின் அரைநிழலில் இலை மென்மையாக வரும். செம்மண் நிலமாயின் கவலையில்லை. கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கும் என்பதால் மண்ணைச் சற்று மேடாக்கி நடுவது நல்லது. மாடியில் வளர்ப்போர் ஓரடி ஆழமுள்ள தொட்டியைப் பயன்படுத்தலாம்.

செடியைத் தன்போக்கில் விட்டால் ஆளுயரத்துக்கு மேல் ஒல்லியாக வளர்ந்து சாய்ந்துவிடும். இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளைகள் பெருகிப் புதராகும். நட்ட மூன்று நான்கு மாதங்களில் இளந்தளிரைப் பறிக்கத் தொடங்கலாம். அதன்பின் ஆண்டு முழுவதும் கீரை கிடைக்கும். மாவுப்பூச்சி தென்பட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவலாம். தேவையானால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். உண்ணும் கீரைக்கு இரசாயனப் பூச்சிக்கொல்லி வேண்டவே வேண்டாம்.

நெஞ்சக மருத்துவர்கள் என்ற முறையில் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. காய்ந்த எருவையும் பூஞ்சை படர்ந்த தொழுவுரத்தையும் கிளறும்போது எழும் தூசியில் பூஞ்சை வித்துகள் நிறைந்திருக்கும். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் எருவை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்த பின்பே கையாள வேண்டும். புற்றுநோய்க்கான மருந்து எடுப்போரும், மாற்று உறுப்பு பெற்றோரும் அந்த வேலையைக் குடும்பத்தாரிடம் விட்டுவிட வேண்டும். நடுவதும், நீர் ஊற்றுவதும், தளிர் பறிப்பதும் அவர்களுக்கும் இயலும், மனத்துக்கும் இதம்.

தைவானில் நடந்தது

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1994-95 காலத்தில், தைவான் நாட்டில் இக்கீரை உடல் எடையைக் குறைக்கும் என்ற செய்தி பரவிற்று. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து உண்ணப்பட்ட கீரையை, அங்குள்ள மக்கள் புதியதொரு முறையில் உட்கொள்ளத் தொடங்கினர். பச்சை இலையை அரைத்துச் சாறெடுத்து, கொய்யா அல்லது அன்னாசிச் சாற்றோடு கலந்து நாள்தோறும் அருந்தினர். அருந்தியோரில் பெரும்பாலோர் இளவயதும் நடுவயதும் உடைய பெண்கள், புகைப்பழக்கம் இல்லாதவர்கள், அதுவரை நோய்நொடி அறியாதவர்கள்.

சில வாரங்களில் சிலருக்குத் தூக்கம் கெட்டது, நெஞ்சு படபடத்தது. பின்னர் வறட்டு இருமலும், படியேறினால் மூச்சுவாங்கலும் தோன்றின. மருத்துவர்கள் முதலில் ஆஸ்துமா என்று கருதி மருந்து கொடுத்தனர். மருந்து பலனளிக்கவில்லை. ஒரே வகையான நோயாளிகள் அடுத்தடுத்து வரவே, அவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒன்றைத் தேடினர். அந்தப் பொதுவான ஒன்று இக்கீரையின் சாறாக இருந்தது. தென் தைவானின் கவ்சியுங் நகர மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து 1996-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர்.

பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை இருநூறைக் கடந்தது. சிலர் உயிரிழந்தனர். சிலருக்கு மாற்று நுரையீரல் பொருத்த வேண்டியதாயிற்று. சாற்றை நிறுத்திய பின்னும் பலருக்கு இழந்த மூச்சு திரும்பவில்லை. பின்னர் ஜப்பானில் இதே கீரையின் பொடியை உட்கொண்டவர்களுக்கும் இதே நோய் கண்டறியப்பட்டது. பொடியாகவும் மாத்திரையாகவும் இதனை விற்பதை அந்நாட்டு அரசு 2003-இல் தடை செய்தது.

நுரையீரலில் நேர்வது என்ன

நம் மூச்சுக்குழல் ஒரு மரத்தைப் போன்றது. அடிமரம் கிளைகளாகவும், கிளைகள் சிறு கிளைகளாகவும் பிரிந்து, இறுதியில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழல்களாகின்றன. பெரிய குழல்களைத் தாங்குவதற்குக் குருத்தெலும்பு உண்டு. நுண்குழல்களுக்கு அந்தத் தாங்கல் இல்லை. தைவான் நோயாளிகளிடம் தாக்குண்டவை இந்த நுண்குழல்களே. அவற்றின் சுவர் புண்ணாகி, புண் ஆறும்போது தழும்பேறி, உட்புறம் குறுகி, சில இடங்களில் முற்றிலும் அடைபட்டுவிட்டது.

ஆஸ்துமாவிலும் குழல்கள் குறுகுகின்றன. ஆயின் அங்கே குறுக்குவது தசை இறுக்கமும் வீக்கமும்; மருந்தால் அவற்றைத் தளர்த்த முடியும். தழும்பைத் தளர்த்த மருந்தில்லை. குழல் விரிக்கும் மருந்தும் ஸ்டீராய்டும் அந்நோயாளிகளுக்குப் பெரும்பயன் தராமைக்கு இதுவே காரணம். இந்நோயில் சாதாரண எக்ஸ்-ரே ஏறக்குறைய இயல்பாகவே தோன்றக்கூடும். மூச்சுத்திறன் சோதனையும், மூச்சை வெளிவிட்ட நிலையில் எடுக்கும் சி.டி. படமும்தான் உண்மையைக் காட்டும். எக்ஸ்-ரே சரியாக இருக்கிறது, பயமில்லை என்று வீடு திரும்பிவிடக்கூடிய நோய் இது என்பதால்தான் எங்களுக்கு இதில் கூடுதல் அக்கறை.

ஆஸ்துமா உள்ளவர் இச்சாற்றை அருந்தினால் இரட்டைத் தீங்கு. மூச்சு மோசமானால், பழைய நோய்தான் கூடிவிட்டது என்று அவரும் எண்ணுவார், நாங்களும் எண்ணிவிடக்கூடும். இலையின்மீது ஐயம் எழுவதற்குள் காலம் கடந்துவிடும். அன்னூர்ப் பெரியவருக்கு நாங்கள் அஞ்சியது அதையே.

ஒரே இலை, இருவேறு விளைவு

மலேசியாவில் கேடு செய்யாத கீரை தைவானில் ஏன் கேடு செய்தது? இலையிலுள்ள எந்தப் பொருள் நுண்குழலைத் தாக்கியது என்பதில் ஆய்வாளர்களிடையே முடிந்த முடிவு இல்லை. ஆயினும் உட்கொண்ட முறையில் இருந்த வேறுபாடுகள் கண்கூடு. அவை மூன்று: பச்சையாக உண்டது, மிகுந்த அளவில் உண்டது, இடைவிடாது உண்டது.

அளவைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்ப்போம். தைவான் நோயாளிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிராம் இலையை, பத்து வாரம்போல, உட்கொண்டதாகக் கணக்கிடப்பட்டது. நம் வீட்டில் 150 கிராம் கீரையைப் பொரியல் செய்தால் நான்கு பேர் உண்பர். ஒருவர் பங்கு 40 கிராம் அளவில் நிற்கும். அதுவும் வாரத்தில் ஒருநாள், இருநாள். மென்று உண்ணும் உணவுக்கு வயிறே ஓர் அளவு வைத்திருக்கிறது. மிக்சியில் அரைத்து வடிகட்டிய சாற்றுக்கு அந்த அளவுகோல் இல்லை. நால்வர் உண்ணும் கீரையை ஒருவர் ஒரு நிமிடத்தில் குடித்து முடித்துவிடலாம்.

சமையலின் பங்கைக் கொங்கு நாட்டாருக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளி விளைகிறது. அதன் தழையை ஆடு அளவுக்கு மீறி மேய்ந்தால் இறந்துபோகும் என்பதை அங்குள்ள சிறுவரும் அறிவர். கிழங்கைத் தோலுரித்து, வேகவைத்து, நீரை வடித்து உண்கிறோம். சேனைக்கிழங்கைப் புளி சேர்த்து வேகவைக்கிறோம். இவற்றையெல்லாம் நம் பாட்டிமார் ஆய்வுக்கூடத்தில் கற்கவில்லை. ஆயினும் எதை எவ்வாறு பக்குவப்படுத்த வேண்டும் என்ற அறிவு பல தலைமுறைகளின் பட்டறிவு. ஒரு செடி ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போகும்போது குச்சி போய்ச் சேர்கிறது, பக்குவம் பின்தங்கிவிடுகிறது. தைவானில் நேர்ந்தது அதுவே.

அண்டை மாநிலத்திலும் ஒரு சான்று உண்டு. கேரளத்தில் இரும்பன்புளி என்னும் புளிப்புக் காயை மீன்குழம்பில் இட்டுச் சமைப்பர். ஒரு குடும்பத்துக்கு நாலைந்து காய் போதும். கொழுப்பைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு அதனையே சாறாகப் பிழிந்து அருந்தியோருக்கு, அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து திடீர்ச் செயலிழப்பு ஏற்பட்டதைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்துள்ளனர். குழம்பில் இருந்தவரை உணவாக இருந்த காய், கோப்பைக்கு மாறியதும் நஞ்சாயிற்று.

எதிர்க்கேள்விகள்

இக்கருத்தைக் கூறும்போது இரு திசைகளிலிருந்தும் எதிர்ப்பு வருவதுண்டு. இயற்கையில் விளைந்தது எப்படிக் கெடுக்கும் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். அரளியும் ஊமத்தையும் இயற்கையில் விளைந்தவையே. இயற்கை நமக்கு நல்லது செய்யவும் கெட்டது செய்யவும் உறுதி பூண்டிருக்கவில்லை. எதை, எவ்வளவு, எவ்வாறு உண்கிறோம் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

இவ்வளவு தீங்கு விளைத்த செடியை ஏன் வளர்க்க வேண்டும், வேரோடு பிடுங்கிவிடலாமே என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். எங்கள் துறையைச் சேர்ந்த நண்பர்களிலும் அவ்வாறு கருதுவோர் உண்டு. அவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. கீரை விலைகொடுத்து வாங்க இயலாத வீட்டிலும், இரண்டடி இடத்தில் ஆண்டு முழுவதும் தளிர்க்கும் செடி இது. தென்கிழக்கு ஆசியக் குடும்பங்கள் இதனைச் சமைத்து உண்டு வருகின்றன. நம் நோயாளிகளில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இரும்புச் சத்துக் குறைவு இருக்கிறது. பிடுங்கச் சொன்னால் ஒரு நல்ல உணவை இழப்பர். அதைவிடக் கேடு, அடுத்தமுறை எங்களிடம் சொல்லாமலேயே வளர்ப்பர்.

எங்கள் பக்கத்துக் குறை

இந்த இடத்தில் எங்கள் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்னூர்ப் பெரியவர் எங்களிடம் ஆண்டுக்கணக்கில் வந்தவர். புகைப்பழக்கம் உண்டா, மது உண்டா, வீட்டில் விறகடுப்பா, என்ன தொழில் என்றெல்லாம் கேட்டு எழுதியிருந்தோம். காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அம்மையார் அன்புடன் குச்சிகளைக் கொண்டுவராவிட்டால் அன்றும் கேட்டிருக்க மாட்டோம். இரைப்பு மருந்தின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்போம்.

மேலும் ஓர் உண்மை உண்டு. நோயாளிகள் சாறு, கசாயம், பொடி பற்றி மருத்துவரிடம் சொல்லத் தயங்குவது, சொன்னால் கடிந்துகொள்வார் என்ற அச்சத்தால்தான். அந்த அச்சத்துக்கு மருத்துவர்களாகிய நாங்களே இடம் கொடுத்திருக்கிறோம். கடிந்துகொண்டால் வாய் மூடும், பழக்கம் நிற்காது. இப்போது எங்கள் பிரிவில் புதிய நோயாளிகளின் குறிப்பேட்டில் ஒரு கேள்வியைச் சேர்த்துள்ளோம்: வீட்டில் தனியாக அருந்தும் சாறு, கசாயம், பொடி ஏதும் உண்டா? தயங்காமல் விடை சொல்லுங்கள். இயலுமாயின் அந்த இலையையோ பொட்டலத்தையோ கையில் கொண்டு வாருங்கள். பெயர் ஏமாற்றும், இலை ஏமாற்றாது.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

தவசிக்கீரையை எப்போதும் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். இளந்தளிரையும் இலையையும் உருவி, கழுவி, நறுக்கிக்கொள்ளுங்கள். கடலை எண்ணெயில் கடுகு, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, வெந்த பாசிப்பருப்போடு சேர்த்து வேகவிட்டுத் தேங்காய்த் துருவல் தூவினால் சுவையான பொரியல். பருப்போடு மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்தாலும் நன்றாக இருக்கும். வாரத்தில் ஒருநாள் அல்லது இருநாள் போதும். மற்ற நாள்களில் முருங்கை, தண்டுக்கீரை, அரைக்கீரை, மணத்தக்காளி என்று மாற்றி மாற்றி உண்ணுங்கள். எந்த ஒரு கீரையும் நாள்தோறும் வேண்டாம்.

பச்சைச் சாறு, பச்சைச் சட்னி, ஸ்மூத்தி, காயவைத்த பொடி, மாத்திரை ஆகிய எந்த வடிவிலும் இதனை உட்கொள்ள வேண்டாம். எடை குறைக்கவோ, இரைப்பைத் தணிக்கவோ, சர்க்கரையைக் குறைக்கவோ இதனை மருந்தாகக் கொள்ள வேண்டாம். குறிப்பாக, எந்தக் கீரைக்காகவும் உறிஞ்சும் மருந்தை நிறுத்த வேண்டாம். அம்மருந்துக்கு அடிமையாகிவிடுவோம் என்பது வீண் அச்சம். நிறுத்த வேண்டிய நிலை வந்தால் நாங்களே சொல்வோம்.

சிலர் எந்தக் கீரையின் அளவையும் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இதய வால்வு சிகிச்சைக்குப் பின் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்போர், கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், உண்ணும் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரகக் குறைபாடு உள்ளோரும் டயாலிசிஸ் செய்வோரும் பொட்டாசியத்தைக் கருதி, உணவியல் நிபுணர் சொல்லும் அளவிலும் முறையிலும் மட்டுமே உண்ண வேண்டும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் புதிய கீரை எதையும் மருந்தெனக் கருதித் தாமாகத் தொடங்க வேண்டாம்.

இதன் சாற்றையோ பொடியையோ முன்னர் தொடர்ந்து உட்கொண்டவர் நம் வாசகர்களில் எவரேனும் இருந்தால், இன்றே நிறுத்திவிடுங்கள். ஒருமுறை இருமுறை அருந்தியவர்கள் கலங்க வேண்டியதில்லை. பல வாரம் அருந்தியவர்களுக்கு வறட்டு இருமல் நீடித்தாலோ, முன்பு எளிதாக ஏறிய படியில் இப்போது மூச்சுவாங்கினாலோ, எக்ஸ்-ரேயோடு நிறுத்திக்கொள்ளாமல் மூச்சுத்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவரிடம் கீரையின் பெயரையும், எத்தனை நாள், எவ்வளவு அருந்தினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு செய்தி சரியான சோதனைக்கு வழிகாட்டும்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு சொல். உடல்நலம் குன்றியவருக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற தவிப்பில்தான் நீங்கள் விடிகாலையில் எழுந்து சாறு பிழிகிறீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். அந்தத் தவிப்பு மதிக்கத்தக்கது. அதனைச் சாற்றிலிருந்து சோற்றுத் தட்டுக்கு மாற்றுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். மருந்தை நேரத்துக்கு நினைவூட்டுவதும், சூடான சோற்றோடு கடைந்த கீரை பரிமாறுவதும், மாலையில் செடிக்கு இருவரும் சேர்ந்து நீர் ஊற்றுவதும் நோயாளிக்கு நன்மை செய்யும்.

அம்மையார் தந்த குச்சிகளை எங்கள் பிரிவைச் சேர்ந்தவர்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்து எடுத்துச் சென்றோம். ஒன்று பட்டுப்போயிற்று, மற்றவை பிழைத்துத் தளிர்த்திருக்கின்றன. சென்ற மாதம் முதன்முறையாகப் பறித்துப் பருப்பிட்டுச் சமைத்தோம். பெரியவர் மறுமுறை வந்தபோது அதைச் சொன்னோம். "எங்கூட்லயும் நேத்துப் பொரியல்தானுங்க" என்று சிரித்தார். உறிஞ்சும் மருந்து அவர் சட்டைப்பையில் இருந்தது.